இருபத்துமூன்று பாகைப் பசை

1

இந்த நாட்டில் ஒரு வழக்கம். பிறந்தநாளோ, வேலையில் சேர்ந்த நாளோ, யாருடைய நாளோ அவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் வந்து நின்றபடியே தின்று, வாழ்த்திவிட்டுப் போவார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் இது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. பேர்கன் நகரத்தில் இந்தக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நான் சேர்ந்து பத்து வருடம் நிறைந்த அன்றைக்கும், விடியவே எழும்பி மரமுந்திரி போட்டு ரவை கேக் செய்து சுமந்துகொண்டு போனேன். கந்தோர் என்ற சொல் மட்டும் இங்கே வந்து நான் படிக்கத் தேவைப்படாத சொல். இவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள்.

எங்கள் பகுதித் தலைவர் ஹெல்கே இரண்டு துண்டு தின்றார். மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் படகு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடு. அடுத்த கிழமை தலைமைப் பொறியியலாளர் பதவியைப் பற்றிப் பேசுவோம்.”

பத்து வருடமாக நான் காத்திருந்த பேச்சு அது. அந்த அறிக்கையைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் பதவி இன்றைக்கு என்னிடம் இருக்கும். திறந்து பார்த்தேன். ஊரில் இருக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “உனக்கு அங்க அப்படி என்ன வேலை?” என்றுதான். இந்தக் கதையைச் சொன்னால் அதற்கும் பதில் கிடைக்கும்.

2

படகு சின்னது. பதினாறு பேர் இருக்கலாம். கண்ணாடி இழையில் செய்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலுள்ள ஒரு நாட்டில் ஆட்களை ஏற்றி இறக்குவதற்காகச் செய்கிறார்கள். அதன் கூரையைச் சுவர்களோடு பிடித்திருப்பது பசை. ஆணி, போல்ட் ஒன்றும் கிடையாது. ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நல்ல பசை உண்மையிலேயே நல்ல வேலை செய்யும்.

கூரை கழலாது என்று காட்டுவது என் வேலை. படகைக் கணினிக்குள் வரைந்து, இலட்சம் சின்னத் துண்டுகளாக வெட்டி, காற்றும் அலையும் அடித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்ப்போம். தாங்கும் இடம் பச்சையாகத் தெரியும், தாங்காத இடம் சிவப்பாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு இது மந்திரம். உள்ளே இருக்கிற எங்களுக்குத் தெரியும், கணினிக்குப் பசை என்றால் என்னவென்றே தெரியாது. எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும், எந்த இடத்தில் இளகத் தொடங்கும், கிழிப்பதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று நாங்கள்தான் இலக்கம் இலக்கமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொய் இலக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பொய்யையும் அதே மரியாதையோடு வர்ணம் பூசிக் காட்டும்.

அந்த இலக்கங்கள் பரிசோதனைகளிலிருந்து வரவேண்டும். பசையை மட்டும் தனியாக வார்த்து, இறுகவிட்டு, நீளக் கீலமாக வெட்டி இழுப்பது ஒன்று. இரண்டு சட்டங்களை ஒட்டி, ஒரு நுனியிலிருந்து மெல்ல மெல்லப் பிளப்பது இன்னொன்று. இவை இரண்டும் மினக்கெட்ட வேலை. மலிவானது மூன்றாவது. இரண்டு தகடுகளின் நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டி, இரண்டு பக்கமும் இழுத்து, எந்தப் பாரத்தில் விட்டுக்கொடுக்கிறது என்று பார்த்துப் பரப்பளவால் பிரித்து எழுதிவிடுவது. பசைக் கம்பனிகள் தங்கள் பிரசுரங்களில் அச்சடிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இதில் பிழை என்ன என்றால், அந்த இலக்கம் பசைக்குச் சொந்தமானதே இல்லை. தகட்டைத் தடிப்பாக்கினால் வேறு இலக்கம் வரும். மேல்படியும் நீளத்தைக் கூட்டினால் இன்னொன்று வரும். காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரை நேராக இழுத்தால் அசையாது, மூலையைக் கிளப்பினால் முழுவதும் வந்துவிடும். பிளாஸ்டர் ஒன்றுதான், இழுக்கிற விதம்தான் வேறு.

குழுவில் மற்றவர்கள் எழுதி, நான் கையெழுத்திட வேண்டிய அந்த அறிக்கையில் பசைக்கு எழுதியிருந்தது அந்த மலிவான இலக்கம். பிரசுரத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய எழுத்தில் ஒரு வரி: இருபத்துமூன்று பாகை செல்சியசில், உலர்ந்த நிலையில்.

3

அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் பசையைப் பற்றியது மட்டுமல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என்னிடம் பொறியியல் பட்டம் இருந்தது. பட்டம் செல்லுமா என்று பார்க்க ஒரு கந்தோர் இருக்கிறது. அவர்களுக்கு என் புள்ளிகளை அனுப்பினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடத்திட்டம் கேட்டார்கள், அனுப்பினேன். மொழிபெயர்ப்புக் கேட்டார்கள், அனுப்பினேன். மொழிபெயர்த்தவரை யார் அங்கீகரித்தது என்று கேட்டார்கள், அதற்கும் ஒரு கடிதம் எடுத்து அனுப்பினேன். இரண்டாம் வருட இயக்கவியலில் எனக்குக் கிடைத்த புள்ளி எந்த முறையில் வழங்கப்பட்டது என்று பீடாதிபதி கைப்பட எழுதித் தரவேண்டும் என்றார்கள். அவர் இறந்துபோய் இரண்டு வருடம். அதைச் சொன்னேன். அப்படியானால் இறப்புச் சான்றிதழின் பிரதி தேவைப்படலாம் என்று பதில் வந்தது. இதைச் சோடித்துச் சொல்லவில்லை, அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பதில்கள் வந்து முடியும்வரைக்கும் நான்கு வருடம் மீனைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் நின்றேன். அந்த வேலையை நான் குறைச்சலாக நினைக்கவில்லை. எங்கள் கடற்கரை ஊர் மாங்கேணியில் கரைவலைக்குப் பக்கத்தில் பிறந்தவள், மீன் நாற்றம் எனக்குப் புதிதா? ஆனால் ஒவ்வொரு இலக்கமும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு என்னை நான்கு வருடம் அந்தப் பெட்டிகளோடு நிறுத்தி வைத்தார்கள். அதே நாட்டில், பதினாறு உயிரின் தலைக்குமேல் நிற்கிற கூரைக்கு, யார் இழுத்தார்கள், எத்தனை தரம் இழுத்தார்கள் என்று ஒன்றும் எழுதாத ஒரு இலக்கத்தைப் பளபளப்பான தாளில் இருப்பதால் ஏற்றுக்கொள்வதா? நடக்காது. என் கையெழுத்தோடு நடக்கவே நடக்காது.

அறிக்கையில் ஒரு வரைபடமும் இருந்தது. கணினியின் வளைகோடும் பரிசோதனையின் வளைகோடும் ஒன்றின்மேல் ஒன்று அச்சொட்டாகப் படுத்திருந்தன. எல்லாரும் அதைப் பார்த்துத் தலையாட்டியிருந்தார்கள். நான் தலையாட்டவில்லை, ஏனென்றால் அந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை.

சித்தாண்டியில் பெரியம்மா வீட்டில் நின்று உயர்தர வகுப்புப் படித்தேன். பௌதிகச் செய்முறைக்கு நாற்பது பேருக்கு ஒரு விற்றராசு, அதிலும் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும். செய்முறைக் கொப்பி நிரம்ப வேண்டும். ஆகவே நாங்கள் கோட்டை முதலில் கீறுவோம், புள்ளிகளைப் பிறகு வைப்போம். ஒன்றைக் கோட்டுக்குச் சற்று மேலே, ஒன்றைச் சற்றுக் கீழே, ஆசிரியர் நம்பும்படியாக. அதில் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லி மற்றப் பிள்ளைகள் தங்கள் கொப்பிகளையும் என்னிடம் தருவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. இங்கேயும் அதுதான் நடந்திருந்தது. தகட்டைப் பிய்த்த பரிசோதனையின் இலக்கத்தையே கணினிக்குள் போட்டு, அதே தகட்டைக் கணினியில் பிய்த்து, பார் இரண்டும் ஒத்துப்போகிறது என்று காட்டியிருந்தார்கள். ஒத்துப்போகாமல் வேறு என்ன செய்யும்? கோட்டை முதலில் கீறியாயிற்றே.

4

இருபத்துமூன்று பாகை என்பது இந்த நாட்டுக்காரருக்கு நல்ல கோடை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அது விடியற்காலையில்கூட இருக்காது. எங்கள் படகின் கூரைக்கு வாங்குகிறவர் தேர்ந்தெடுத்த நிறம் கடும் நீலம். வெயிலில் கிடக்கும் கண்ணாடி இழைத் தோணியில் வெறுங்காலோடு ஏறிப் பார்த்தவருக்கு அதன் கருத்து விளங்கும். ஹெல்கே ஏறியதில்லை. நான் ஏறியிருக்கிறேன்.

காலை எட்டரைக்கு மாங்கேணியில் மத்தியானம். அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அண்ணா ஜெயசீலன் அங்கேயே கடற்றொழில் செய்கிறார்.

“என்ன புள்ள, வேலைக்குப் போகல்லியா? சுகந்தானே?”

“சுகந்தான் அண்ணா. உங்கட தோணி இப்ப வெயிலுக்க கிடக்கா?”

“கரையில கிடக்குகா. ஏன், வாங்கப்போறியா?”

“அதுட சூடு எவ்வளவெண்டு அளந்து சொல்லணும்.”

“அளக்கிறதென்ன, தொட்டே சொல்லுவன். சுடுது.”

இப்படிப்பட்ட ஒரு அண்ணாவை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் செய்ய வேண்டும். மறுநாள் அவராகவே எடுத்தார். கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்துக் காய்ச்சல் பார்த்த கருவி ஒன்று மீனவர் சங்கத்தில் கிடந்ததாம். அதைத் தோணியில் பிடித்திருக்கிறார், அது இலக்கம் காட்டாமல் கத்தியிருக்கிறது.

“தோணிக்குக் காய்ச்சல் கூடிப்போச்சு புள்ள. மறுகா என்ன செய்ய?”

மறுகா, அதாவது பிறகு, அவரே வாழைச்சேனைப் பட்டணத்துக்குப் போய், ஒரு பேக்கரியில் பாண் சுடும் போறணையின் சூடு பார்க்கிற கருவியை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கி வந்தார். “தோணிக்குள்ளயா பாண் போடப்போறாய் எண்டு கேக்கிறான் அந்த மனிசன்” என்று எனக்கு ஏச்சும் கிடைத்தது. இரண்டு நாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும், வெள்ளை அடித்த இடத்திலும் நீலம் அடித்த இடத்திலும் கருவியைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார். வெள்ளை ஐம்பதைத் தொட்டது. நீலம் எழுபதுக்குக் கிட்ட நின்றது. பிரசுரத்தின் இன்னொரு மூலையில், இந்தப் பசை எழுபதைத் தாண்டினால் இளகும் என்று எழுதியிருந்தது. ஈரம் குடித்த பசை அதற்கும் முன்னமே இளகும், அதைப் பிரசுரம் எழுதுவதில்லை.

படம் எடுத்து முடிந்த பிறகு அண்ணா மெல்லக் கேட்டார்.

“இதெல்லாம் எதுக்குகா? கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிக்கிறியாமே, ஆரணி சொன்னாள். அவங்கட நாடு, அவங்கட பசை. உனக்கென்ன?”

“என்ட கையெழுத்துத்தானே அண்ணா.”

“பதவி போனா?”

“போகட்டும்.”

“நீ சின்னனில இருந்தே இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அது பாராட்டா ஏச்சா என்று எனக்கு இன்னும் தெரியாது.

5

அண்ணாவிடம் கோள் சொன்ன ஆரணி என் மகள். பதினாறு வயது. தமிழ் விளங்கும், ஆனால் பதில் நோர்வீஜிய மொழியில்தான் வரும். சோறா பாணா என்று கேட்டால்கூட அந்த மொழியில்தான் சொல்லுவாள். என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ் தடக்குப்படாமல் வரும்.

“அம்மா, ஏன் எல்லாத்துக்கும் சண்டை? உங்களுக்கு ஆக்கள் நல்லவங்க எண்டு நம்ப ஏலாதா?”

“நல்லவங்கதான். பசை நல்லதா எண்டுதான் கேக்கிறன்.”

அவளுடைய பௌதிக அறிக்கை மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழும் தாறுமாறாகச் சிதறியிருந்தன. ஒன்று எங்கேயோ தனியாக நின்றது. கீழே ஆசிரியை, நல்ல வேலை என்று எழுதியிருந்தார். எப்படி என்று கேட்டேன். “அப்படித்தான் வந்தது, அப்படியே போட்டேன்” என்றாள். நாங்கள் கோட்டை முதலில் கீறிய கதையை அப்போது அவளுக்குச் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. “அது ஏமாத்து” என்றாள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அந்தச் சொல்லை அவள் தமிழில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஹெல்கேயின் அறைக்குப் போனேன். அண்ணாவின் படங்களை மேசையில் பரப்பினேன்.

“இது யார்?” என்று கேட்டார். ஒரு படத்தில் அண்ணா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பேக்கரிக் கருவியைத் சுடுவதற்குத் துவக்குப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என் அண்ணா.”

“இந்தக் கருவிக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறதா?”

“இல்லை. உன் பிரசுரத்துக்கு இருக்கிறதா? யார் இழுத்தது, எத்தனை மாதிரி, எவ்வளவு தடிப்பு? என் அண்ணாவுக்குக் குறைந்தது ஒரு பெயராவது இருக்கிறது.”

இங்கே எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’தான், தலைவரும்கூட. வந்த புதிதில் வாய் கூசியது. அன்றைக்குக் கூசவில்லை.

ஹெல்கே கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் திகதி குறித்திருந்தார். நெற்றியைத் தடவிக்கொண்டு, “சுகந்தி, மூலையில் சிவப்பு வந்தால் துண்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டலாம், சிவப்புக் குறையும்” என்றார். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். துண்டு பெரிதானால் மூலையில் குவியும் அழுத்தம் சராசரிக்குள் கரைந்துபோகும், படம் பச்சையாகும். கூரைக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

நான் மறுத்தேன். கோபத்தில் எனக்கு இந்த மொழியின் சின்னச் சொற்கள் இடம்மாறிப்போகும். ஹெல்கே பழக்கதோஷத்தில் நடுவில் ஒன்றைத் திருத்தினார். “என் இலக்கணத்தை நாளைக்குத் திருத்து. இன்றைக்குப் பசையைத் திருத்து” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “நீ போடாவிட்டால் வேறு ஒருவர் போடுவார்” என்றார்.

“போடட்டும். நான் ஏன் போடவில்லை என்று ஒரு பக்கம் எழுதி இதே கோப்பில் வைப்பேன்.”

வைத்தேன். இந்த நாட்டின் கடதாசி வெறி முதல்தடவையாக எனக்கு உதவியது அப்போதுதான். கோப்பில் பதிலில்லாத கேள்வி ஒன்று கிடந்தால் அறிக்கை வெளியே போக முடியாது. அழிக்கவும் முடியாது, அழித்தவர் பெயரும் காரணமும் பதிவாகும். திங்கட்கிழமை, எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும்படி கேட்கப்பட்டவன், நல்ல பொடியன், கோப்பைத் திறந்து என் பக்கத்தைப் படித்தான். பிறகு என் மேசைக்கு வந்து, “இதற்குப் பதில் வராமல் நானும் போடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேக் துண்டு மிச்சமிருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

கடைசியில் பரிசோதனைக்கு ஒப்புதல் வந்தது. மாதிரிகளை இளஞ்சூட்டு நீரில் கிழமைக்கணக்கில் ஊறவைத்து, எழுபது பாகைப் பெட்டிக்குள் வைத்து இழுப்பதும் பிளப்பதும். ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கும் மேல். அந்த ஏழு கிழமைக்குள் தலைமைப் பதவியை அந்தப் பொடியனுக்கே கொடுத்தார்கள். அவன் அதற்கும் கேக் கொண்டுவந்தான். சுவைத்துச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

6

பரிசோதனையின் பெறுபேறு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஊறிய, சூடான பசையின் பலம் பாதியாகக் குறைந்திருந்தது. பார்த்தீர்களா என்று எழும்பிப் போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது. முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று புதிய இலக்கங்களைக் கணினிக்குக் கொடுத்தேன். பிளக்கும் சக்தியையும் கொடுத்தேன், அதைக் கொடுத்தால் துண்டைப் பெரிதாக வெட்டினாலும் சிறிதாக வெட்டினாலும் விடை பெரிதாக மாறாது.

கூரை நின்றது.

மூன்று தரம் பார்த்தேன். நின்றது. நான் யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. குளிரில் விறைத்த பசை பாரத்தை எல்லாம் விளிம்புகளிலேயே சுமக்கும். சூட்டில் இளகிய பசை கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பாரத்தை ஒட்டின் முழு அகலத்துக்கும் பகிர்ந்துவிடும். பலம் பாதியானாலும், சுமக்கிற இடம் கூடிவிட்டது. கூரைக்கு ஆபத்தில்லை.

எனக்கு ஒரு நிமிடம் ஏமாற்றமாக இருந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கூரை கழல வேண்டும் என்றா இருந்தேன்? சீ, என்று என்னையே ஏசிக்கொண்டேன். பதினாறு பேர் பத்திரமாக இருப்பார்கள் என்று தெரிந்த நாளில் சந்தோசப்படாதவள் எதற்கு இந்த வேலைக்கு?

அண்ணாவுக்கு எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப, அந்தக் கூரை முதலே நல்லாத்தான் இருந்திரிக்கி?”

“ஓம் அண்ணா.”

“அப்ப நீ தோத்துப்போனாய்.”

“தோக்கல்ல. அது நல்லாயிரிக்கி எண்டு முதல்ல ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும்.”

“என்னை வாழைச்சேனைக்கும் அனுப்பி, பதவியயும் விட்டு, இதையா கண்டுபிடிச்சாய்?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பின்நேரம் ஹெல்கே அச்சடித்த அறிக்கையோடு என் மேசைக்கு வந்தார். முகத்தில் வெற்றி தெரிந்தது. பசைக்கான பக்கத்தில் இப்போது பிரசுரத்தின் பெயர் இல்லை. எத்தனை மாதிரி, எவ்வளவு தடிப்பு, எத்தனை கிழமை நீரில் கிடந்தது, எந்தச் சூட்டில் யார் இழுத்தது என்று எல்லாம் வரிசையாக இருந்தது. கடைசி வரி நான் எழுதியது: எழுபது பாகைக்கு மேல் இந்த இலக்கங்களைப் பாவிக்கக் கூடாது.

“இந்த வரி தேவையா? அதுதான் தாங்குகிறதே” என்றார்.

“எழுபதில் தாங்குகிறது. எண்பதில் யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.”

அவர் பெருமூச்சு விட்டார். வரியை அழிக்கச் சொல்லவில்லை.

“நீ பயந்தது பிழை என்று ஒத்துக்கொள்கிறாயா?”

“ஒத்துக்கொள்கிறேன்.”

“ஏழு கிழமை போனது.”

“போனது.”

“அப்படியானால் அடுத்தமுறை இவ்வளவு இழுத்தடிக்கமாட்டாய்தானே?”

நான் பேனையை எடுத்தேன். என் பெயருக்கு நேரே, ஆறுதலாக, அவசரப்படாமல், கடைசி எழுத்துவரைக்கும் முழுதாகக் கையெழுத்துப் போட்டேன். கோப்பை மூடி அவரிடம் நீட்டினேன்.

“இழுத்தடிப்பேன்” என்றேன்.